டெப்பனர் கடைத் தலையாட்டி

1

ஊருக்கு ரெலிபோன் எடுத்தால் முதல் கேள்வி குளிரைப் பற்றியது. இரண்டாவது கள்ளரைப் பற்றியது.

"அங்கை வீட்டைப் பூட்டாமலே படுக்கலாமாம், மெய்யேடா?" என்று போன கிழமை சித்தி கேட்டா.

"ஓம் சித்தி, தாராளமாப் படுக்கலாம். விடிய எழும்பிப் பார்த்தால் கதவும் இராது."

சித்தி சிரிக்கவில்லை. சண்டையால் பாதை பூட்டி, மாவும் சீனியும் வரிசையில் நின்று வாங்குகிற நேரத்தில் என் பகிடி யாருக்கு வேணும்? ஆனாலும் வாய் சும்மா இராது. எட்டாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா, பள்ளிக்கூடம் என்னை விட்டதா என்பது இன்னும் தீராத வழக்கு. ஆகையால் இதில் எழுத்துப் பிழை இருந்தால் சஞ்சிகை ஆசிரியர் திருத்துவார். மற்றப் பிழைகளைத் திருத்த ஏலாது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் வேலை செய்கிற கடைக்கு இந்தக் கிழமை ஒரு நீலத் துண்டுக் கடதாசி வந்தது. பொலிஸ்காரர் ஒரு கூட்டம் வைக்கிறார்களாம். தேவாலயத்துக்குக் கீழே உள்ள மண்டபத்தில். நமது பகுதியின் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவார்களாம். குற்றங்கள் குறைந்துவிட்டனவாம். கோப்பியும் டோனட்டும் உண்டாம்.

முதலாளி அதைத் தூரப் பிடித்து வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினார். "நீ போ. கடைசி வரி உனக்குத்தான் எழுதியிருக்கு."

எங்கள் கடையில் களவு போய் இந்த மாதத்தோடு சரியாக ஒரு வருஷம்.

2

கடை இருப்பது மொன்றியல் நோரில். நகரத்தின் வடகிழக்கு மூலை. நாலு மாடி வாடகை வீடுகள், ஒவ்வொரு பல்கனியிலும் ஒரு நாட்டின் உடுப்புக் காயும். மூலைக் கடைக்கு இங்கே டெப்பனர் என்று பெயர். பால், பாண், பியர், லொத்தர் ரிக்கற், வெளிநாட்டுக்குக் கதைக்கிற ரெலிபோன் காட் எல்லாம் விற்போம்.

முதலாளி குணம் அண்ணை புங்குடுதீவு ஆள். சந்திரன் உருண்டை என்றாலும், அவரைக் கொண்டுபோய் அங்கே இறக்கிவிட்டால் ஒரு மூலையைக் கண்டுபிடித்துக் கடை போட்டுவிடுவார். கல்லாவுக்கு மேலே ஒரு கமரா வைத்திருந்தார். சிவப்பு லைற் மினுங்கும். ஒருநாள் ஏணி வைத்துத் தூசு தட்டும்போதுதான் பார்த்தேன், உள்ளே ஒரு பற்றரியைத் தவிர வேறொன்றும் இல்லை.

"அண்ணை, உது படம் பிடிக்காதே?"

"படம் பிடிக்காது. பார்க்கிறவனுக்குப் பயம் பிடிக்கும். மூடிக்கொண்டு இறங்கு."

என் பிரெஞ்சு அப்போது ஒரு நாற்பது சொல். பொன்ஜூர், மெர்சி, வுய். இதில் அதிகம் உழைத்தது வுய், அதாவது ஓம். யார் எதைக் கேட்டாலும் வுய். ஒரு கிழவி பால் போத்தலைத் தூக்கிக் காட்டி ஏதோ கேட்டாள், வுய் என்றேன், வைத்துவிட்டுப் போய்விட்டாள். பழுதாகிவிட்டதா என்று கேட்டிருக்கிறாள்.

சொல் போதாத இடத்தில் கூத்தாடிச் சமாளிப்பேன். ரெலிபோன் காட் வாங்குகிறவர்களுக்கு ஒரு தனிக் கூத்து. காட்டைக் கொடுக்க முதல் இரண்டு கண்ணிலும் ஒற்றி, பிரசாதம் மாதிரி இரு கையாலும் நீட்டுவேன். லைன் அறாமல் இருக்கட்டும் என்று சைகை காட்டுவேன். ஊரில் பிறந்த எவனுக்கும் கையில் வருகிற சங்கதிதான் இது. கீழே விழுந்த கொப்பியைக்கூட நாங்கள் கண்ணில் ஒற்றித்தானே எடுப்போம். வெள்ளைக்காரர் சிரிப்பார்கள். ஹெயிட்டிக்காரரில் சிலர் சிரித்துவிட்டு, தாங்களும் ஒருமுறை ஒற்றிக்கொண்டு போவார்கள். மாரியில் எல்லாரும் புருவம் வரைக்கும் கம்பளித் தொப்பி, மூக்கு வரைக்கும் சால்வை. வருகிறவர்களில் தெரிவது கண் மட்டும்தான். யாருக்கு எத்தனை தரம் ஒற்றிக் கொடுத்தேன் என்று நான் கணக்கு வைத்ததில்லை.

3

அன்று காலை பதினொரு மணி இருக்கும். நான் குளிர்ப்பெட்டிக்குள் பியர் அடுக்கிக்கொண்டிருந்தேன். கல்லாவில் குணம் அண்ணை. கதவு மணி அடித்தது. உள்ளே வந்தவன் சாம்பல் நிறக் கம்பளித் தொப்பியைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டிருந்தான். கண்ணுக்கு இரண்டு ஓட்டை. உறை போடாத கறுத்த கையில் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான இரும்புத் துண்டு.

குணம் அண்ணை கையைத் தூக்கினாரா, காசு லாச்சியை மறைத்தாரா, அவருக்கே இன்றுவரை தெரியாது. அடி மட்டும் விழுந்தது. சிப்ஸ் தட்டியோடு சரிந்தார். பிறகு அவன் என் பக்கம் திரும்பினான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கையில் இருந்த பியர்ப் பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தேன். இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கோத்தேன். முழங்காலில் இருந்தேன். தலையைக் குனிந்தேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை. அவனே ஒரு கணம் திகைத்துப் போனான். குனிவதற்கு முதல் அந்த இரண்டு ஓட்டையையும் பார்த்தேன். இரண்டு கண். ஈரமான கண்.

அவன் லாச்சியைக் கிளப்பிக்கொண்டு போனான், கதவும் தானாகச் சாத்திக்கொண்டது. நான் அசையவில்லை.

"டேய் நேசன்!" சிப்ஸ் பைகளுக்குள் இருந்து குணம் அண்ணையின் குரல். "எழும்படா. எனக்கு மண்டை உடைஞ்சு ரத்தம் ஓடுது, நீ என்ன சுற்றிவளைப்பிலையே இருக்கிறாய்?"

ஓம். அங்கேதான் இருந்தேன்.

4

அண்ணைக்கு ஆறு தையல். மூன்றாம் நாள் என்னைப் பொலிஸ் நிலையத்துக்குக் கூப்பிட்டார்கள். ஒரு பொலிஸ்காரி இருந்தாள். எனக்கு ஒரு தமக்கை இருந்தால் அந்த வயது. கோப்பி தந்தாள், சீனி எத்தனை என்று கேட்டாள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். தமிழ் ஆள் ஒருவர் வந்தால், நான் கதைத்து முடிய முதல், எங்கள் ஆட்கள் நிறைந்திருக்கிற பார்க் எக்ஸ்ரென்ஷன் முழுக்கச் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். ஆகையால் அரைப் பிரெஞ்சும் கால் இங்கிலீசும் மிச்சம் கையுமாகக் கதைத்தோம். அவள் சொன்னதை என் தமிழில் போடுகிறேன்.

"அவன் என்ன நிறம்?" என்றாள்.

"கறுப்பு."

"உன்னைவிடவா?"

"கண்ணாடி ஒன்று தாங்கோ, பார்த்துச் சொல்லுறன்."

சிரித்தாள். நல்ல பிள்ளை. பிறகு ஒரு பைலை எடுத்து, "எட்டுப் படம் காட்டப் போகிறேன். அவன் முகத்தை மூடியிருந்தான், ஆகையால் கண்ணைப் பார். அந்த ஆள் இதற்குள் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல், அதில் பிழை இல்லை" என்றாள்.

அந்த வசனம் எனக்கு நன்றாக விளங்கியது. முன்பும் ஒருமுறை கேட்டிருக்கிறேன். ஒரு ஆமிக் காம்பின் பின்பக்க அறையில், உடைந்த தமிழில். "தெரியாது எண்டா தெரியாது சொல்லு. பயம் இல்லை." நான் நம்பித் தெரியாது என்று சொன்னேன். பிறகு இரண்டு நாள் இடது பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் படித்த பாடம் இது, எட்டாம் வகுப்புத் தேவையில்லை. யூனிபோம் போட்டவர் ஒன்று கேட்டால், அவர் கையில் ஏதாவது ஒன்றை வைத்துவிட்டுத்தான் வாசலைத் தாண்டலாம்.

ஊரில் அடித்துக் கேட்டார்கள். இவள் கோப்பி தந்து கேட்டாள். எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டது.

முதலாவது படம் இல்லை. இரண்டாவது இல்லை. மூன்றாவது ஆள் என் பழைய வீட்டுக்காரனின் சாயல், அவனாக இருந்தால் நல்லதென்று யோசித்தேன். நாலாவது படத்தைப் பார்த்ததும் கையில் இருந்த கோப்பியைக் கீழே வைத்தேன். தெரிந்த முகம். எங்கே தெரியும் என்பது வரவில்லை. ஆனால் அந்தக் கண் எனக்குத் தெரியும்.

"இவன்."

"நிச்சயமா?"

"வுய்."

"இவனை எங்கே கண்டாய்?"

"கடையில்."

அது உண்மைதான். அதனால்தான் குரல் நடுங்கவில்லை. அவள் எழுதினாள், நான் கையெழுத்து வைத்தேன். வாசலைத் தாண்டி வெளியே வந்து, பனிக்குள் நின்று ஒரு சிகரெட் பற்றவைத்தேன். இரண்டு நாளில் ஆளைப் பிடித்துவிட்டார்கள் என்று ரெலிபோன் வந்தது. குணம் அண்ணை தலையில் கட்டோடு வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சொன்னார்: "எங்கடை பொடியன்தான் ஆளைக் காட்டினவன்." எனக்கு ஒரு பெட்டி சொக்கிலேற் தந்தார். கடைச் சொக்கிலேற்தான், திகதி முடிய ஒரு கிழமை இருந்தது.

5

இதை வாசிக்கிற இளம் ஆட்களுக்குத் தலையாட்டி என்றால் தெரியாமல் இருக்கலாம். சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் ஊர் ஆண்களை எல்லாம் ஒரு வெளியில் கொண்டுபோய் இருத்துவார்கள். பிறகு வரிசையாக ஒருவருக்கு முன்னால் நடக்கவிடுவார்கள். அவர் தலையில் கழுத்துவரை ஒரு சாக்கு. கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அவர் பேசமாட்டார். சும்மா நின்றால் நீங்கள் வீட்டுக்குப் போகலாம். தலையை ஆட்டினால் ட்ரக்கில் ஏறவேணும். அவ்வளவுதான் அவருடைய வேலை.

எங்களுக்கு அது நடந்தது என் பள்ளிக்கூட மைதானத்தில். எனக்குப் பதினாலு வயது, அண்ணன் ரூபனுக்குப் பத்தொன்பது. வரிசையில் எனக்கு முன்னால் அவன். "சேட்டை விடாமல் நேரை பார்த்து நடவடா" என்று திரும்பாமலே சொன்னான், ஏனென்றால் நான் பின்னால் நின்று அவன் சேட்டில் ஒட்டியிருந்த புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். அவன் சாக்குக்கு முன்னால் போய் நின்றான். தலை ஆடியது. பெரிதாக இல்லை. ஈ விரட்டுகிற மாதிரி ஒரு சின்ன ஆட்டம்.

அடுத்தது நான். அந்த இரண்டு ஓட்டைக்குள்ளும் பார்த்தேன். கண் ஈரமாக இருந்தது. என்னை நன்றாகத் தெரிந்த கண். எனக்குத் தலை ஆடவில்லை.

பின்பக்க அறைக்கு என்னைக் கொண்டுபோய் ரூபனைப் பற்றிக் கேட்டது அன்று பின்னேரம். மறுநாள் என்னை விட்டார்கள். அவனை விடவில்லை. இன்றுவரைக்கும் இல்லை. அம்மா அவனுடைய அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்து, ஷொப்பிங் பையில் சுற்றி, காம்ப் காம்பாகக் கொண்டு திரிந்தா. "இவனைக் கண்டனீங்களே?" அதைத் தவிர அவவிடம் வேறு கேள்வி இருக்கவில்லை. சாக்குக்குள் இருந்தது யார் என்று ஊர் பல வருஷம் ஊகித்தது. நடையை வைத்து ஒருவர், உயரத்தை வைத்து இன்னொருவர். நானும் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். என்றைக்காவது பிடித்தால் என்ன செய்வேன் என்றும் வைத்திருந்தேன்.

நான் பள்ளிக்கூடத்தை விட்ட கதை இதுதான். மைதானத்தைத் தாண்டாமல் வகுப்புக்குப் போக வேறு வழி இருக்கவில்லை. அம்மா இன்றைக்கும் வாசல் கதவைப் பூட்டுவதில்லை. ரூபன் வந்தால் தட்டவேண்டி வரக்கூடாதாம். சித்தி ஏன் சிரிக்கவில்லை என்று இப்போது விளங்கியிருக்கும். எனக்கே ரெலிபோனை வைத்த பிறகுதான் விளங்கியது.

6

பிடிபட்டு இரண்டு கிழமை கழிந்திருக்கும். ஒரு ஹெயிட்டிக்காரப் பெண் கடைக்குள் வந்தாள். கையில் நாலு வயதுப் பிள்ளை, ரோஸ் நிறப் பனி உடுப்புக்குள் உருண்டையாக. அவள் பாலும் எடுக்கவில்லை, பாணும் எடுக்கவில்லை. கைப்பையில் இருந்து ஒரு படத்தை எடுத்துக் கல்லாவில் வைத்தாள்.

"மொன்ஸியூர், இவரைத் தெரியுமா?"

பிறந்தநாள் கேக்குக்குப் பின்னால் ஒருவர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் கையெழுத்து வைத்த முகம்.

அவள் மெதுவாக, எனக்கு விளங்கவேணும் என்று பிரெஞ்சும் இங்கிலீசும் கையுமாக ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். பெயர் வில்னேர். தன்னுடைய புருஷன். அன்று காலை பதினொரு மணிக்குக் கிழக்குப் பக்கம் ஒரு பாண் பேக்கரியில் வேலையில் இருந்தார். ஆனால் கையில் காசு வாங்குகிற வேலை, வந்த நேரம் போன நேரம் பதிவதில்லை, ஆகையால் பேக்கரிக்காரன் இப்படி ஒரு ஆளையே தெரியாது என்கிறான். முன்பு தெருவில் கார் இடிபட்ட ஒரு சண்டையில் பொலிஸ் எடுத்த பழைய படம் ஒன்று இருந்தது. அதை வைத்து யாரோ காட்டியிருக்கிறார்கள்.

"உங்கள் கமராவில் கள்ளனின் படம் இருக்கும்தானே?" என்று மேலே பார்த்தாள். சிவப்பு லைற் மினுங்கியது.

"பழுது" என்றேன்.

"உங்களுக்கு அவரைத் தெரியும். சனிக்கிழமைகளில் காட் வாங்குவார், தாயோடு கதைக்க. நீங்கள் ஒன்று செய்வீர்களாம்." அவள் படத்தை எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக் காட்டினாள். "வீட்டிலும் இப்படிச் செய்துவிட்டுத்தான் நம்பரைச் சுரண்டுவார். அன்றைக்கு லைன் நல்லாயிருந்தது என்பார்."

அப்போதுதான் வந்தது. தொப்பிக்கும் சால்வைக்கும் நடுவில் இரண்டு கண், ஒற்றி எடுத்த காட்டுக்கு மேலால் என்னைப் பார்த்து, சிரிக்காமல் தலையை ஒருமுறை குனிந்துவிட்டுப் போகிற அந்த நெட்டை ஆள். கடையில் கண்டது உண்மை. சனிக்கிழமை சனிக்கிழமையாகக் கண்டிருக்கிறேன். களவு நடந்த அன்று நான் கண்டது அவனை அல்ல. கள்ளனையும் அல்ல. அந்த இரண்டு ஓட்டைக்குள் நான் கண்டது பத்து வருஷத்துக்கு முந்திய கண்.

"அவர் அப்படிச் செய்கிற ஆளா? நீங்களே சொல்லுங்கள்" என்றாள்.

 பிள்ளைக்கு ஒரு லொலிபொப் எடுத்துக் கொடுத்தேன். அவள் மெர்சி சொல்லிவிட்டு, படத்தை ஒரு ஷொப்பிங் பைக்குள் வைத்துச் சுற்றினாள்.

7

"அண்ணை, நான் கண்டது கண்ணை மட்டும்தான்."

"கண்ணெண்டால் போதும்தானே. கண்ணிலைதான் கள்ளம் தெரியும்."

"பகிடி விடாதையுங்கோ."

குணம் அண்ணை கணக்குக் கொப்பியை மூடினார். நான் ஒருவரைப் பகிடி விடவேண்டாம் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. அவருக்கே பயம் பிடித்துவிட்டது.

"நேசன், இஞ்சை பார். உன்ர அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. பொலிஸிலை போய் நான் பிழையாச் சொல்லிப்போட்டன் எண்டு சொன்னால், நாளைக்குக் கேஸ் கேக்கிறவன் என்ன நினைப்பான்? இவன் சொன்ன மற்றதெல்லாம் மெய்யோ எண்டு கேக்கமாட்டானே?"

"கேப்பான்."

"பேந்து?"

"அந்த மனிசி படத்தைக் கொண்டு திரியுது அண்ணை."

அவர் தையல் போட்ட இடத்தைத் தடவினார். அங்கே மயிர் இன்னும் முளைக்கவில்லை. "உனக்கு ஒரு உண்மை சொல்லுறன். கதவு மணி அடிச்சால் எனக்கு மூத்திரம் வருது. ஐம்பத்திரண்டு வயது. அவன் உள்ளுக்கை இருக்கிறான் எண்டு கேட்ட நாள் தொடங்கித்தான் நித்திரை கொள்ளுறன். அவனோ, வேறை ஆரோ, எனக்கு ஆரெண்டாலும் ஒருத்தன் உள்ளுக்கை இருக்கவேணும்."

 அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்த ஏரியா முழுக்க அப்படித்தான் நித்திரை கொண்டது.

மறுநாள் பொலிஸ் நிலைய வாசல் வரைக்கும் போனேன். கண்ணாடிக் கதவில் என் முகம் தெரிந்தது. தொப்பி புருவம் வரைக்கும், சால்வை மூக்கு வரைக்கும். திரும்பி பஸ் ஏறி வந்துவிட்டேன்.

இப்படி நாலு நாள். அந்த நாலு நாளும் சாக்குக்குள் இருந்தவரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு என்ன கொடுத்திருப்பார்கள்? அடியா, கோப்பியா? அன்று பின்னேரம் வாசலைத் தாண்டிப்போய் அவரும் ஒரு சிகரெட் பற்றவைத்திருப்பாரா? என் பட்டியலில் இருந்த பெயர்கள் ஒவ்வொன்றாக மங்கி, கடைசியில் என் பெயர் மட்டும் மிஞ்சியது.

8

ஐந்தாம் நாள் தொப்பியைக் கழற்றிப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போனேன். காது இரண்டும் விறைத்து வேறு ஆளுடைய காதாக இருந்தது. அதே பொலிஸ்காரி. இந்த முறை தமிழ் மொழிபெயர்ப்பாளரை நானே கேட்டேன். பார்க் எக்ஸ்ரென்ஷன் முழுக்கத் தெரிந்தால் தெரியட்டும். ஒரு வயதான ஐயா வந்தார், ஒரு சொல் விடாமல் சொன்னார்.

"அப்படியென்றால் முதலில் பொய் சொன்னாயா?" என்றாள்.

"இல்லை. எனக்கு அவரைத் தெரியும். அதுதான் காட்டினேன்."

"எங்கே தெரியும்?"

"ரெலிபோன் காட் வாங்குவார்."

"நான் தெரியாது என்று சொல்லலாம் என்றேனே. ஏன் சொல்லவில்லை?"

மொழிபெயர்ப்பு ஐயா இதைத் தமிழில் சொல்லிவிட்டு, நான் வாய் திறக்க முதல் தானே பெருமூச்சு விட்டார். அவரும் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள். எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்த அந்த மறுமொழியைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வது என்று இரண்டு பேருமாக யோசித்தோம். கடைசியில் ஐயா ஏதோ நீளமாகச் சொன்னார். அவள் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு எழுதினாள். மறுபடி கையெழுத்து வைத்தேன். இது என் அகதிக் கேஸைப் பாதிக்குமா என்று கேட்டேன். தனக்குத் தெரியாது என்றாள். தெரியாது என்பதை எவ்வளவு லேசாகச் சொன்னாள்.

அடுத்த கிழமை வில்னேரை விட்டார்கள். பேக்கரியில் அவர் இடத்தில் வேறு ஆள். என் கேஸ் இன்னும் இழுபடுகிறது. உண்மையான கள்ளன் பிடிபடவே இல்லை. குணம் அண்ணை என்னோடு ஒரு மாதம் கதைக்கவில்லை, சம்பளத்தை மேசையில் வைத்துவிட்டுப் போவார். பிறகு மெய்யாகவே படம் பிடிக்கிற கமரா ஒன்று வாங்கிப் பூட்டினார். இப்போதும் மணி அடித்தால் திடுக்கிடுகிறார். வில்னேர் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார். காட்டினது யார் என்று பொலிஸ் அவருக்குச் சொல்லியிருக்கும் என்றுதான் நினைத்தேன்.

9

நேற்றுத்தான் அந்தக் கூட்டம். டோனட் மெய்தான். ஒரு பொலிஸ் அதிகாரி சுவரில் பெரிய படம் காட்டினார். ஒரு கோடு மேலிருந்து கீழே இறங்கியது. களவு குறைகிறது, நீங்கள் ஒத்துழைத்ததால் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். அந்தக் கோட்டில் எங்கேயோ ஒரு புள்ளி நான் வைத்தது. வில்னேர் உள்ளே இருந்த மூன்று நாலு கிழமையும் அந்தக் கோடு எந்தப் பக்கம் போனது என்று கேட்க ஆசையாக இருந்தது. வாய்க்குள் டோனட் இருந்தது.

அப்போது இரண்டு வரிசைக்கு முன்னால் ஒரு தலை திரும்பியது. வில்னேர். மடியில் மகள். பாதுகாப்புக் கூட்டத்துக்கு அவரும் வந்திருந்தார். ஏன் வரக்கூடாது, அவரும் இந்தத் தெருவில்தானே இருக்கிறார்? என்னைக் கண்டதும் முகம் விரிந்தது. கையில் இருந்த நீலத் துண்டைத் தூக்கி, இரண்டு கண்ணிலும் ஒற்றினார். பிறகு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

அவருக்குத் தெரியாது.

மண்டபம் நிறைய ஆட்கள், முன்னால் யூனிபோமோடு ஒருவர், என் முகத்தைப் பார்த்து ஒரு தலை ஆடுகிறது. என் கை இரண்டும் தலைக்குப் பின்னால் போகாமல் இருக்கக் கதிரையைப் பிடித்துக்கொண்டேன்.

கூட்டம் முடிந்து கோப்பி மேசைக்குப் பக்கத்தில் அவரே வந்து கை தந்தார். வேலை தேடி அலைந்ததில் கடைப் பக்கம் வர நேரம் இல்லையாம். நான் கையை விடாமல் சொன்னேன்.

"படம் பார்த்துக் காட்டினது நான்தான்."

விளங்கவில்லை. மறுபடி சொன்னேன், விரலால் காட்டியும் சொன்னேன். அவர் கை என் கைக்குள் இருந்தபடியே குளிர்ந்தது.

"பேந்து இல்லையெண்டு போய்ச் சொன்னதும் நான்தான்" என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அது அவருக்கு அல்ல, எனக்கு ஆறுதல்.

"ஏன் என்னை?" என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை. மெய்யாகவே அறிய விரும்பிக் கேட்டார். பகிடி, சைகை, கூத்து எல்லாவற்றையும் தேடினேன். நாற்பது சொல் இப்போது நூறாகியிருக்கிறது. ஆனாலும் ஒரு மறுமொழிதான் இருந்தது.

"எனக்கு உன்னைத்தான் தெரியும்."

 அவர் நீலத் துண்டை நாலாக மடித்துப் பொக்கற்றில் வைத்தார். மகளின் தொப்பியைக் காது மூட இழுத்துவிட்டு, அவளைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறிப் போனார். பிள்ளை மட்டும் திரும்பி, சீனி ஒட்டிய கையை எனக்கு ஆட்டினாள்.

இந்தச் சஞ்சிகை எங்கள் ஊர் வாசிகசாலைக்கும் போகும் என்று ஆசிரியர் சொன்னார். ஆகையால் கடைசியில் இருப்பது ஒருவருக்கு மட்டும். அன்று பள்ளிக்கூட மைதானத்தில் சாக்குக்குள் நின்றவருக்கு. நீங்கள் இருந்தால், வாசித்தால், உங்கள் பெயர் எனக்கு வேண்டாம். பட்டியலைக் கிழித்துவிட்டேன். ஒன்றை மட்டும் எங்கள் அம்மாவிடம் போய்ச் சொல்லுங்கள். கதவு பூட்டியிருக்காது, தட்டத் தேவையில்லை. ரூபனை உங்களுக்கு எங்கே வைத்துத் தெரியும்? வொலிபோல் கிரவுண்டிலா, ரியூசன் கொட்டிலிலா, இல்லை, சனிக்கிழமைகளில் ஏதாவது ஒரு கடை வாசலிலா?